ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு ரௌட்டர் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆனால்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ரௌட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் (அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) ஏறிய அன்றோ மறுநாளோ அது தானாக அணைந்து அணைந்து எரியத் தொடங்கினால், 'அப்டேட்தான் கெடுத்துவிட்டது' என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். சில சமயம் அது சரியாகவே இருக்கும். ஆனால் சேலத்திலும் ஏற்காட்டிலும் நான் பார்த்த வீடுகளில் பழுது அடாப்டரிலோ, சூட்டிலோ, பழைய அமைப்புகளின் மிச்சத்திலோ இருந்ததே அதிகம். அப்டேட் நடந்த நாள் நமக்கு நினைவில் நிற்கிறது. அடாப்டர் மெல்ல மெல்ல வலுவிழந்த மாதங்கள் நிற்பதில்லை. அதனால் அப்டேட்டுக்குப் பின்னால் வந்த பழுதையெல்லாம் அப்டேட்டால் வந்த பழுதாக எடுத்துக்கொண்டு, ஃபர்ம்வேரை மறுபடி மறுபடி ஏற்றி, நன்றாக இருக்கும் ரௌட்டரையும் செயலற்றதாக ஆக்கிவிடுகிறோம்.

இந்த வழிகாட்டி இதுவரை ரௌட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்க்காதவர்களுக்காக எழுதப்படுகிறது. முதலில் கவனிப்பது, அடுத்து மின்சாரம், அதன்பின் இணைப்புகளைப் பிரித்துப் பார்ப்பது, பிறகு ரீசெட், கடைசியாகத்தான் ஃபர்ம்வேர் என்ற வரிசையை மாற்றாமல் செல்லுங்கள். தவறான அடாப்டரை மாட்டாதவரை, முன்னால் உள்ள படிகளில் தவறு நேர்ந்தாலும் ஒன்றும் கெடாது. பின்னால் உள்ளவற்றில் நேரும் தவறைத் திருத்துவது கடினம்.

முதலில் அது ரீஸ்டார்ட்தானா என்று உறுதிசெய்யுங்கள்

வைஃபை அறுந்து போவதையும், இணையம் நிற்பதையும், ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆவதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மூன்றும் கையில் இருக்கும் போனில் ஒரே மாதிரிதான் தெரியும். ரௌட்டரின் எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்து, மின்சார விளக்கு முதலில் எரிந்து, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தால் அது ரீஸ்டார்ட். மின்சார விளக்கு அசையாமல் எரிய, வைஃபை விளக்கு மட்டும் அணைந்து வந்தால் அது வேறு பிரச்சினை.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் திடீரென்று மறைந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறது என்றால், ரௌட்டர் ரேடார் அலைகளுக்கு வழிவிடும் சேனல் ஒன்றில் இருக்கக்கூடும். அத்தகைய சேனல்களில் ஒலிபரப்பத் தொடங்குமுன் ரௌட்டர் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. புதிய ஃபர்ம்வேர் சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் விதத்தை மாற்றியிருந்தால் இது புதிதாகத் தலைகாட்டும். சேனலை 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றாக நீங்களே குறித்துவிட்டால் தீர்ந்தது.

ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் லாஸ் (LOS என்று எழுதியிருக்கும்) விளக்கையும் பார்க்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளியிழையில் வரும் சிக்னல் அறுந்திருக்கிறது. ஏற்காட்டில் சில்வர் ஓக் கிளை முறிந்து கேபிள் மேல் விழுவதும், சேலத்தில் சாலை தோண்டும்போது கேபிள் வெட்டுப்படுவதும் அடிக்கடி நடப்பவை. அதற்கும் ரௌட்டரின் ஃபர்ம்வேருக்கும் சம்பந்தமில்லை.

சந்தேகம் தீரவில்லையென்றால் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான ரௌட்டர்களில் உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் அது திறக்கும். அங்கே நிலை காட்டும் பகுதியில், ரௌட்டர் கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு இருக்கும். நேற்றிலிருந்து அணைக்காத ரௌட்டரில் அது வெறும் பத்து நிமிடம் என்று காட்டினால் ரீஸ்டார்ட் உறுதி.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்பதுதான் துப்பு

ஒரு தாளில் ரீஸ்டார்ட் ஆகும் நேரங்களை எழுதிக்கொண்டே வாருங்கள். அரைநாள் எழுதினால் போதும். அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடியது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்: தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டருக்கு மாறியது, மழை, மதிய வெயில். பிற்பாடு செய்யப்போகும் எதையும்விட இந்தத் தாள் பயன்படும் என்பது என் கருத்து.

ரௌட்டருக்குள் ஒரு காவல் கடிகாரம் இருக்கிறது. ஃபர்ம்வேர் குறிப்பிட்ட இடைவெளியில் அதற்கு 'நலமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லத் தவறினால் கடிகாரம் ரௌட்டரை மறுபடி தொடங்க வைத்துவிடும். ஆகவே ரீஸ்டார்ட் என்பது ரௌட்டர் தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். ஃபர்ம்வேர் எந்தக் கட்டத்தில் திணறி நிற்கிறதோ அந்தக் கட்டத்திலேயே அது ஒவ்வொரு முறையும் விழும்.

மின்சார விளக்கு எரிந்து, அரை நிமிடத்துக்குள், மற்ற விளக்குகள் வருமுன்பே அணைந்தால், ஃபர்ம்வேரின் அடிப்படைப் பகுதியே சரியாகப் பதியவில்லை என்று சந்தேகிக்கலாம். அல்லது அடாப்டர் மிகவும் மோசமாக இருக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, சரியாக வைஃபை விளக்கு எரியும் தறுவாயில் விழுந்தால், வைஃபை பகுதி இழுக்கும் கூடுதல் மின்சாரத்தை அடாப்டர் தாங்கவில்லை, அல்லது பழைய வைஃபை அமைப்பு புதிய ஃபர்ம்வேருக்கு ஒத்துவரவில்லை. சில மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தால் சூடு, நினைவகம் நிரம்புதல், அல்லது இணைய நிறுவனத்தின் தொலைநிர்வாகம். தினமும் அதிகாலை ஒரே நேரத்தில் விழுகிறதென்றால், தானாக ரீஸ்டார்ட் செய்யும் அட்டவணையை அப்டேட் இயக்கிவிட்டதா என்று நிர்வாகப் பக்கத்தில் தேடுங்கள். அதை அணைத்தாலே போதும்.

அடாப்டர்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு காபித் தோட்ட வீட்டில், டிசம்பர் மாதம் ரௌட்டர் தானாக அப்டேட் ஆனது; அந்த வாரத்திலிருந்தே மாலை நேரங்களில் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. வீட்டார் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அது பழம் பறிக்கும் காலம். பகலில் பறித்த பழத்தை மாலையில் தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் போடுவார்கள். அதன் மோட்டார் வீட்டுக்கு வரும் அதே லைனில்தான் ஓடுகிறது. வீட்டு அம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "மோட்டாரப் போட்டாலே இது படுத்துக்குது தம்பி." மோட்டார் கிளம்பும் நொடியில் சுவரிலிருந்த குண்டு பல்ப் மங்கியது, கூடவே ரௌட்டரின் விளக்குகள் அணைந்தன. வேறொரு அடாப்டரை மாட்டியதும், மோட்டார் ஓட ஓட ரௌட்டர் அசையாமல் நின்றது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரௌட்டர் அடாப்டர்களின் ஸ்டிக்கரில் உள்வரும் மின்சாரம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். நமக்கு வருவது 230 வோல்ட். மோட்டார் கிளம்பும்போது அது 170க்கு இறங்கினாலும் நல்ல அடாப்டர் கண்டுகொள்ளாது. லோ வோல்டேஜில் ரௌட்டர் அணைகிறதென்றால், அடாப்டருக்குள் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் வயதாகி வற்றிவிட்டது என்று பொருள். இன்வெர்ட்டருக்கு மாறும் கண்ணிமைப்பு நேரத்தில் ரௌட்டர் அணைவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டை போன்ற விசைத்தறிப் பகுதிகளில் பல மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும் நேரங்களிலும் இதே கதையைப் பார்க்கலாம்.

அப்டேட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதையும் சொல்லிவிடுவது நியாயம். புதிய ஃபர்ம்வேர் வைஃபையின் ஒலிபரப்புத் திறனையோ செயலியின் வேலையையோ கூட்டியிருந்தால், ரௌட்டர் இழுக்கும் மின்சாரமும் சற்றுக் கூடும். பழைய சுமையை எப்படியோ தாங்கிவந்த அடாப்டர் புதிய சுமையில் மண்டியிடும். தீர்வு புதிய அடாப்டர்தான், பழைய ஃபர்ம்வேர் அல்ல.

அடாப்டரை மல்டிமீட்டரால் சோதிப்பவர்கள் ஏமாந்துபோவது உண்டு. ரௌட்டரில் மாட்டாமல் வெறுமனே முனையில் வைத்துப் பார்த்தால், வலுவிழந்த அடாப்டரும் 12 வோல்ட் என்றே காட்டும்; சுமை ஏறும்போதுதான் அதன் சாயம் வெளுக்கும். நொடிக்கும் குறைவான சரிவைச் சாதாரண மீட்டர் பிடிக்கவும் பிடிக்காது. எனவே மாற்று அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

மாற்று அடாப்டரில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். வோல்ட் அளவு ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் சொல்லியிருப்பதற்கு அச்சாகப் பொருந்த வேண்டும். 9 வோல்ட் ரௌட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகலாம், 12 வோல்ட் ரௌட்டருக்கு 9 வோல்ட் கொடுத்தால் இதே ரீஸ்டார்ட் நோய்தான் வரும். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் 1 ஆம்பியர் ரௌட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போடுவதால் கெடுதல் இல்லை, ரௌட்டர் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதை ஸ்டிக்கரில் உள்ள வட்டக் குறி காட்டும். இரண்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். முனையின் துளை அளவும் கவனிக்கத்தக்கது: வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டராக ஒத்திருந்தாலும், உள்விட்டம் 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு. நடுவில் 2.1 மில்லிமீட்டர் ஊசி கொண்ட ரௌட்டரில் 2.5 அளவு முனையை மாட்டினால் ஆடிக்கொண்டே இருக்கும், தொட்டாலே அணையும்.

ஏற்காட்டிலிருந்து அடாப்டர் வாங்க 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர வேண்டியிருப்பவர்கள், பழைய அடாப்டரையும் ரௌட்டரையும் சேர்த்தே கொண்டுவந்து, கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் சிசிடிவி சாமான் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விட்டுவிடாதீர்கள். மலையில் பனியின் ஈரத்தால் பிளக் முனைகளில் பச்சை பூத்திருக்கும். பாக்ஸின் துளை தளர்ந்து அடாப்டர் தொங்கிக்கொண்டிருக்கும். சோதனை முடியும்வரை அடாப்டரை நேரே சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

சூடு

சேலத்து ஏப்ரல், மே மாத வெயிலைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுப்புற வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறையில், மூடிய டிவி அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸின் மேல் வைத்த ரௌட்டர் பிற்பகலில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பகலில் விழுந்து இரவில் ஒழுங்காக ஓடினால் சூடுதான் காரணம். அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, சுவரில் நிமிர்த்தி மாட்டி, ஒருநாள் மின்விசிறிக் காற்றுப் படும்படி வைத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுவது

மின்சாரம் சரியென்று தெரிந்த பிறகும் ரீஸ்டார்ட் நிற்கவில்லையென்றால், அடாப்டர் ஒயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். இணையம் வரும் ஒயர், டிவிக்குப் போகும் ஒயர், சிசிடிவி பெட்டியின் ஒயர், யூஎஸ்பியில் செருகிய பென்டிரைவ் அல்லது ஹார்டு டிஸ்க் எல்லாம் வெளியே வரட்டும். இப்படியே கால் மணி நேரம் விடுங்கள்.

இந்த நிலையிலும் ரீஸ்டார்ட் ஆனால் பழுது ரௌட்டருக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த பகுதிக்குச் செல்லலாம். நின்றுவிட்டால், கழற்றியவற்றில் ஏதோ ஒன்று அதை வீழ்த்துகிறது. முதலில் யூஎஸ்பி சாதனத்தைச் சந்தேகியுங்கள்: யூஎஸ்பி 3 துளை ஒன்று 900 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டியிருக்கும், ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ரௌட்டரின் பங்கிலிருந்து அது பிடுங்கிக்கொள்கிறது. அடுத்து இணைய ஒயரை மட்டும் மாட்டுங்கள். அதை மாட்டிய சில நிமிடங்களில் விழத் தொடங்கினால், இணைய நிறுவனம் தொலைவிலிருந்தே ரௌட்டரை நிர்வகிக்கும் வசதி வழியாக ஏதோ ஒரு அமைப்பையோ ஃபர்ம்வேரையோ திணிக்க முயல்கிறது என்று கருத இடமுண்டு. அது நீங்களே கடையில் வாங்கிய ரௌட்டராக இருந்தால், நிர்வாகப் பக்கத்தில் டிஆர்-069 என்ற பெயரில் இருக்கும் அந்த வசதியை அணைக்கலாம். நிறுவனம் கொடுத்த பெட்டியாக இருந்தால் அவர்களிடமே சொல்ல வேண்டும்; இந்தச் சோதனையை விவரித்துச் சொன்னால், 'அணைத்துப் போட்டுப் பாருங்கள்' என்ற முதற்கட்டப் பதிலைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் புகார் நகரும்.

லேன் ஒயர்களை ஒவ்வொன்றாக மாட்டும்போது, ஒரே ஒயரின் இரு முனைகளும் அதே ரௌட்டரிலோ, ஒன்றோடொன்று இணைந்த இரண்டு நெட்வொர்க் ஸ்விட்சுகளிலோ (லேன் ஒயரைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள்) செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வளையம் விழுந்த ஒயரில் தரவு சுற்றிச் சுற்றி வந்து ரௌட்டரைத் திணறடிக்கும். ஹோம்ஸ்டே நடத்தும் இடங்களில், அறைக்கு அறை ஒயர் ஓடுவதால், இது தெரியாமலே நடந்துவிடுகிறது.

ரீசெட் செய்யுமுன்

ஃபர்ம்வேர் மாறினாலும், பழைய அமைப்புகள் தனியிடத்தில் அப்படியே தங்கியிருக்கும். புதிய ஃபர்ம்வேர் அவற்றைத் தன் முறையில் படிக்க முயன்று தடுக்கி விழுவது, உண்மையிலேயே அப்டேட்டால் வரும் ரீஸ்டார்ட்டுகளில் மிகச் சாதாரணமான காரணம். ரீசெட் அந்தப் பழைய மிச்சத்தைத் துடைத்துவிடும்.

துடைக்கப்படுவதில் உங்களுக்கு வேண்டியவையும் இருக்கின்றன. பிபிபிஓஇ (PPPoE) பயனர்பெயரும் கடவுச்சொல்லும், அதாவது ரௌட்டர் இணைய நிறுவனத்தோடு இணைய நிறுவனம் கொடுத்தவை, நிறுவனம் விஎல்ஏஎன் (VLAN) எண் என்ற இணைப்பு எண்ணையும் கொடுத்திருந்தால் அதுவும், வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பிபிபிஓஇ கடவுச்சொல் தெரியாவிட்டால், நிறுவனத்தைத் தொடர்புகொண்டு அதைப் பெறும்வரை ரீசெட்டில் கை வைக்காதீர்கள். ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ரீசெட் செய்துவிட்டு, திங்கட்கிழமை ஆள் வரும்வரை இணையமில்லாமல் காத்திருக்கும் நிலையை இதனால் தவிர்க்கலாம்.

ஃபைபர் ஒயர் நேராக வந்து நுழையும் பெட்டி, அதாவது நிறுவனம் கொடுத்த ஓஎன்டி, வேறு வகை. நிறுவனத்தின் கருவியோடு அது பேசுவதற்கான அடையாளங்கள் அதற்குள் பதிந்திருக்கின்றன. சில மாடல்களில் ரீசெட் செய்தால் அவையும் போய்விடும். நிறுவனத்து ஆள் வந்து மறுபடி பதிந்தால்தான் இணைப்பு உயிர்பெறும். அந்தப் பெட்டியை நீங்களாக ரீசெட் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

ரௌட்டர் எரிந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு, விளக்குகள் மின்னும்வரை பத்து விநாடி அளவுக்கு அழுத்திப் பிடித்து விடுவதே வழக்கமான ரீசெட். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழும் ரௌட்டரில், அது எழுந்து விளக்குகள் நிலைத்த அடுத்த நொடியே இதைச் செய்ய வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள்.

எழுந்ததும், முன்பு சேமித்த அமைப்புக் கோப்பைத் திரும்ப ஏற்றிவிடும் ஆசை வரும், அதை அடக்குங்கள். தடுக்கி விழவைத்த அதே மிச்சம் அந்தக் கோப்பிலும் இருக்கிறது. எழுதி வைத்தவற்றைக் கையாலேயே அடித்து நிரப்புங்கள். அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றுவது

அடாப்டர் மாற்றி, ரீசெட்டும் செய்து, எந்த ஒயரும் இல்லாமலே ரௌட்டர் இன்னும் விழுகிறது என்றால் மட்டும் இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

ஃபர்ம்வேர் கோப்பைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். மாடல் பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. ஸ்டிக்கரில் மாடலுக்குப் பக்கத்தில் வன்பொருள் பதிப்பு எண் ஒன்று இருக்கும். ஒரே பெயரில் விற்கும் ரௌட்டரின் முதல் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் உள்ளே இருக்கும் சிப்புகளே வேறாக இருக்கக்கூடும். இந்தியாவுக்கு எனத் தனிக் கோப்பு இருந்தால் அதையே எடுங்கள். இறக்கிய கோப்பு ஜிப் வடிவில் இருந்தால், அதைப் பிரித்து உள்ளே இருக்கும் கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். தளத்தில் செக்சம் எண் (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எண்) கொடுத்திருந்தால், கணினியில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலையில் மொபைல் சிக்னல் அறுந்து அறுந்து வரும்போது, பாதியில் நின்ற கோப்பு முழுக் கோப்பைப் போலவே பெயர் காட்டும்.

ஏற்றும்போது கணினியை லேன் ஒயரால் இணையுங்கள். வைஃபை வழியாக ஒருபோதும் வேண்டாம். ஏற்றும் வேலையில், பல ரௌட்டர்கள் முதலில் பழைய ஃபர்ம்வேர் இருந்த இடத்தை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதத் தொடங்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. ஆகவே மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளிலும், இடியோடு கூடிய கோடை மழை வரும் மாலையிலும் இதைத் தொடாதீர்கள். காலையில் செய்யுங்கள். ரௌட்டருக்கென்று விற்கும் மினி யூபிஎஸ் வீட்டில் இருந்தால், அதை முழுவதும் சார்ஜ் ஏற்றி அதில் மாட்டுங்கள். ஏறும் கோடு நூறு சதவீதத்தைத் தொட்ட பிறகும் ரௌட்டர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். பத்து நிமிடம் சுவிட்ச் பக்கம் போகாதீர்கள்.

ஏறி முடிந்தபின் இன்னொரு முறை ரீசெட் செய்வது என் வழக்கம். பழைய பதிப்புக்குத் திரும்பும்போது இது கட்டாயம். புதிய ஃபர்ம்வேர் எழுதிய அமைப்பைப் பழையது படிக்கத் தெரியாமல் மறுபடி விழக்கூடும். சில ரௌட்டர்கள் பழைய பதிப்பை ஏற்க மறுக்கும். பாதுகாப்புக் காரணத்துக்காக வைத்த பூட்டு அது. அதை உடைக்கக் குறுக்குவழி தேட வேண்டாம்.

நிர்வாகப் பக்கமே திறக்காதபோது

பல ரௌட்டர்களில், ஃபர்ம்வேருக்கு அடியில் சிறிய தொடக்க நிரல் ஒன்று தனியாகப் பதிந்திருக்கிறது. அப்டேட் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதை எழுப்பிவிட்டால், பக்கமே திறக்காத ரௌட்டருக்கும் ஃபர்ம்வேரைக் கொடுக்க முடியும்.

அடாப்டரை அணைத்து, ரீசெட் ஊசியை அழுத்திப் பிடித்துக்கொண்டே அடாப்டரைப் போட்டு, மின்சார விளக்கு வழக்கத்துக்கு மாறாக மின்னத் தொடங்கும்வரை பிடித்திருப்பதே பொதுவான முறை. ரௌட்டர் தானாக முகவரி கொடுக்கும் நிலையில் இருக்காது என்பதால், கணினியின் லேன் முகவரியை நீங்களே குறிக்க வேண்டும். டி-லிங்க் மாடல்கள் பலவற்றில் கணினிக்கு 192.168.0.10 என்றும், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கொடுத்து, உலாவியில் 192.168.0.1 என்று திறந்தால், கோப்பை ஏற்றும் ஒரு மொட்டைப் பக்கம் வரும். ஏசஸ் ரௌட்டர்களில் மின்சார விளக்கு மெதுவாக மின்னினால் மீட்பு நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள், கணினிக்கு 192.168.1.10 என்று முகவரி கொடுத்து, அந்த நிறுவனமே தரும் மீட்பு மென்பொருளை ஓட்டலாம். டிபி-லிங்கின் பல மாடல்களில், 192.168.0.66 என்ற முகவரி கொண்ட கணினியில் ஒரு டிஎஃப்டிபி (TFTP) செயலியை, அதாவது லேன் ஒயர் வழியே கோப்பை எடுத்துக்கொடுக்கும் செயலியை, ஓட விட்டால், ரௌட்டரே வந்து தனக்குரிய பெயரில் உள்ள கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்கள் மாடலுக்கு எது என்பதைத் தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தில் உறுதிசெய்துகொண்டு, அதை அச்செடுத்தோ போனில் சேமித்தோ வைத்தபின் தொடங்குங்கள்; பாதியில் இணையம் தேட முடியாது.

இந்த நேரத்தில் கணினியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கணினி வேறு பாதையில் தேடிக்கொண்டிருக்கும், 'பக்கம் திறக்கவில்லை' என்று நாம் ரௌட்டரைக் குறைசொல்வோம். வேலை முடிந்ததும் கணினியின் முகவரியைத் தானாகப் பெறும் நிலைக்கு மாற்றுவதும் முக்கியம்.

ரௌட்டரைத் திறந்து, பலகையில் ஒயர் பற்றவைத்து உயிர்ப்பிக்கும் முறையும் உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம். 3.3 வோல்ட்டில் பேசும் முனையில் 5 வோல்ட் கருவியை இணைத்துவிட்டால், மிச்சமிருந்ததும் போய்விடும்.

சரியான பிறகும், சரியாகாவிட்டாலும்

ரீஸ்டார்ட் நின்றதும் இரண்டு நாள் அந்தத் தாளில் குறிப்பெழுதுவதைத் தொடருங்கள். தானியங்கி அப்டேட்டை நிரந்தரமாக அணைத்துவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ரௌட்டரில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வழி அந்த அப்டேட்தான். நடு இரவில் தானாக ஏறுவதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை, மின்சாரம் நிலையாக இருக்கும் காலையில், நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள்.

மீட்பு முறையும் பலிக்கவில்லையென்றால் உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள். புகாரில் மாடல், வன்பொருள் பதிப்பு, அப்டேட்டுக்கு முன்பும் பின்பும் இருந்த ஃபர்ம்வேர் எண்கள், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை விழுகிறது, வேறு அடாப்டரிலும் விழுகிறதா, எல்லா ஒயரையும் கழற்றிய பிறகும் விழுகிறதா ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். ரீஸ்டார்ட் ஆவதை மின்சார விளக்கு தெரியும்படி போனில் வீடியோ எடுத்து இணையுங்கள். பழுதுநீக்கும் மேசையில் அந்த நேரம் பார்த்து ரௌட்டர் விழாமல் இருந்துவிடுவது உண்டு. உத்தரவாதம் இருந்தும் மாற்றித் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். பில்லும் அந்தக் குறிப்புத் தாளும் அப்போது கையில் இருக்கட்டும்.